"எதிர்ப்பு சக்தி கம்மி" என்று இனி என் காதுபடச் சொல்லாதீர்கள்

அன்புள்ள என் பழைய மாணவ மாணவிகளே, உறவுகளே,

இது நீளமான பதிவு. பாதியில் ஓடுகிறவர்கள் இப்போதே ஓடிவிடலாம். கடைசி பெஞ்சுக்காரர்கள் எப்படியும் ஓடுவீர்கள், அது எனக்கு முப்பது வருஷப் பழக்கம். ஆனால் வீட்டில் இருமிக்கொண்டிருக்கும் பெரியவர்கள் யாராவது இருந்தால் கடைசி வரைக்கும் படியுங்கள்.

போன வாரம் அக்காவின் திதி. எல்லாரும் வந்திருந்தீர்கள், சந்தோஷம். சாப்பாடு முடிந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு பெரியவர் சொன்னார்: "பாவம், ஒரு சிகரெட் புகைகூடப் படாத மனுஷி. உடம்புல எதிர்ப்பு சக்தி கம்மி. அதான் நுரையீரல்ல கேன்சர் வந்துடுச்சு." சுற்றி இருந்தவர்கள் தலையை ஆட்டினீர்கள். வந்தவர்களிடம் சண்டை போடக்கூடாது என்று நான் வாயை மூடிக்கொண்டு பாயசப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அன்று சாயங்காலமே ஒரு பழைய மாணவன் போன் பண்ணினான். நல்ல பையன், பெயர் வேண்டாம். "மிஸ், ஒரு பவுடர் இருக்கு. நுரையீரலுக்குன்னே ஸ்பெஷல். இம்யூனிட்டியை அப்படியே தூக்கிடும். கேன்சரே கிட்ட வராது. உங்க பேஸ்புக்ல ஒரு வார்த்தை போட்டீங்கன்னா நிறைய பேருக்கு உபயோகமா இருக்கும்." ஒரு டப்பா 1,850 ரூபாயாம். டீச்சருக்கு இலவசமாம்.

வார்த்தைதானே கேட்டாய் கண்ணா? இதோ போடுகிறேன். ஒரு வார்த்தை இல்லை, நிறைய.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நுரையீரல் புற்றுநோய், எதிர்ப்பு சக்தி "குறைந்ததால்" வருகிற நோய் இல்லை. பல சமயம் அந்த எதிர்ப்புச் செல்கள் அங்கே நிறையவே இருக்கும். அவற்றில் சில, அந்த நோய்க்கே சோறு போட்டு வளர்த்துக்கொண்டிருக்கும். ஆகவே "சக்தியைக் கூட்டு" என்று டப்பா விற்பது தப்பு. "சக்தி கம்மி" என்று நோயாளியைக் குற்றவாளி ஆக்குவது அதைவிடப் பெரிய தப்பு.

இனிமேல் வகுப்பு. நோட்டை எடுங்கள்.

பாடப்புத்தகத்தில் இம்யூனிட்டிக்கு என்ன வார்த்தை எழுதியிருந்தது, ஞாபகம் இருக்கிறதா? நோய்த்தடைக்காப்பு. இரண்டு மார்க் கேள்வி. "வாயில நுழையலை மிஸ்" என்று சிரிப்பீர்கள். இன்றைக்குச் சொல்கிறேன், அதைவிட நல்ல வார்த்தை கிடையாது. காப்பு. சக்தி இல்லை, காப்பு. சக்தி என்றால் கூடும், குறையும், கடையில் வாங்கலாம் என்று தோன்றும். காப்பு என்பது காவல் வேலை. எப்போது அடிக்க வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும், யார் நம் ஆள், யார் வெளியாள் என்று தெரிந்து நடக்கிற வேலை. காவல் என்றால் தடியை நீளமாக்கிக்கொண்டே போவது இல்லை.

சக்தி அளவுக்கு மீறினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள நாம் எங்கேயும் போக வேண்டாம். 2020ஐ மறந்துவிட்டீர்களா? கோவிட் முற்றிய பலருக்கு வைரஸைவிட அதிகச் சேதம் செய்தது அவர்களுடைய சொந்தக் காப்பு அமைப்பின் கொந்தளிப்பு. அப்போது ஆக்சிஜன் தேவைப்பட்ட நோயாளிகளின் உயிரைக் காத்தது எது? டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு. அது எதிர்ப்பைக் கூட்டுகிற மருந்து இல்லை, அடக்குகிற மருந்து. இங்கிலாந்தில் நடந்த ரிகவரி ஆய்வு அதை 2020 ஜூனில் காட்டியது. வென்டிலேட்டரில் இருந்தவர்களின் சாவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. சரவாங்கி என்று நம் பாட்டிகள் சொன்ன முடக்குவாதமும் சொந்தக் காவலர் சொந்த மூட்டை அடிக்கிற கதைதான்.

சரி, நுரையீரலுக்கு வருவோம்.

ஒரு நாளைக்குச் சுமார் 10,000 லிட்டர் காற்றை உள்ளே இழுத்து வெளியே விடுகிறோம். அந்தக் காற்று கடைசியாகப் போய்ச் சேரும் இடம் காற்று நுண்ணறைகள். கோடிக்கணக்கான குட்டிக் குட்டிப் பைகள். அவற்றை விரித்துப் போட்டால் ஒரு சின்ன ஃபிளாட்டின் தரை அளவு வரும். அந்தப் பைகளுக்குள்ளேயே குடியிருக்கிறவைதான் பெருவிழுங்கு செல்கள். மேக்ரோஃபேஜ் என்று படம் போட்டுப் பாகம் குறித்தீர்களே, அதுதான்.

இந்த விழுங்கு செல்களை முதலில் புரிந்துகொண்டவர் மெச்னிகாஃப். 1882இல் இத்தாலியின் மெஸ்ஸினாவில், கண்ணாடி மாதிரி இருக்கும் நட்சத்திர மீன் குஞ்சுக்குள் முள்ளைக் குத்தி வைத்துவிட்டு மறுநாள் பார்த்தார். முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. அதற்காக 1908இல் நோபல் பரிசு. இது நான் வகுப்பில் சொன்ன கதை. சொல்லாத கதை ஒன்று உண்டு. எனக்கே ரிட்டயர் ஆன பிறகுதான் தெரிந்தது.

விழுங்கு செல்கள் எல்லாம் ரத்தத்தில் வந்து இறங்குகிறவை என்றுதான் நான் உங்களுக்குப் பாடம் எடுத்தேன். அது முழு உண்மை இல்லை. எலிகளில் செய்த ஆய்வுகள் வேறு மாதிரி காட்டின. நுரையீரலில் ஒரு கூட்டம் பிறப்பதற்கு முன்பே, கருவில் இருக்கும்போதே வந்து தங்கிவிடுகிறது. அங்கேயே தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு காலம் தள்ளுகிறது. இவை குடியிருப்பு செல்கள். பிறகு தேவைப்படும்போது ரத்தத்திலிருந்து வந்து சேர்கிறவை இன்னொரு கூட்டம். ஒன்று வீட்டோடு இருக்கும் பாட்டி. மற்றது கல்யாணத்துக்கு வந்த ஆட்கள்.

அந்தப் பாட்டியின் குணம்தான் முக்கியம். நாள் முழுக்கத் தூசி, மகரந்தம், புகை, கிருமி எல்லாம் உள்ளே வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஊரைக் கூட்டிச் சண்டை போட்டால் நுண்ணறை வீங்கி நாம் மூச்சுவிட முடியாது. அதனால் இந்தக் குடியிருப்பு செல்கள் சத்தம் போடாமல் தூசியை விழுங்கும், அழுக்கைத் துடைக்கும், சண்டையைத் தணிக்கும், புண் ஆற வழி பண்ணும். சமாதானம் பண்ணுவதுதான் இவற்றின் வேலை. புகைபிடிப்பவர்களின் நுரையீரலில் இந்தச் செல்களைப் பார்த்தால் வயிறு நிறையப் பழுப்பு நிறக் கறை இருக்கும். முடிந்தவரை விழுங்கித் தொலைத்திருக்கும், பாவம்.

இந்த நல்ல குணத்தைத்தான் புற்றுநோய் பயன்படுத்திக்கொள்கிறது.

1986இல் ஹெரால்ட் டுவோராக் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு கருத்தைச் சொன்னார். புற்றுக்கட்டி உடம்பின் கண்ணுக்கு ஆறாத புண்ணாகத் தெரிகிறது என்று. புண் என்றால் பாட்டி என்ன பண்ணுவாள்? மருந்து போடுவாள், சோறு ஊட்டுவாள், "யாரும் அதைத் தொடாதீங்க" என்பாள். 2021இல் நேச்சர் இதழில் நியூயார்க்கின் மவுன்ட் சைனாய் குழு வெளியிட்ட ஆய்வு ஏறக்குறைய இதையே காட்டியது. நுரையீரல் புற்று தொடங்கும் காலத்திலேயே குடியிருப்பு விழுங்கு செல்கள் புற்றுச் செல்களின் அருகில் போய்ச் சேர்கின்றன. அந்தச் செல்கள் பக்கத்துத் திசுவுக்குள் ஊடுருவும் குணத்தைப் பெறத் துணை போகின்றன. அதோடு ஒழுங்குபடுத்தும் டி செல்களையும் பெருகச் செய்து, கட்டியைக் கொல்ல வேண்டிய டி செல்களை அடக்க வைக்கின்றன. எலிகளில் இந்தக் குடியிருப்பு செல்களை நீக்கியபோது அடக்குகிற செல்கள் குறைந்தன. கொல்கிற செல்கள் கூடின.

அந்த ஒழுங்குபடுத்தும் டி செல்கள் கெட்டவை என்று எழுதிவிடாதீர்கள், மார்க் போகும். அவை இல்லாவிட்டால் நம் உடம்பை நாமே தின்றுவிடுவோம். அவற்றைக் கண்டறிந்ததற்குத்தான் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூவருக்கும் 2025இல் மருத்துவ நோபல். நல்ல காவலர் தப்பான இடத்தில் நிற்கிறார். பிரச்சினை அவ்வளவுதான்.

இதே நுரையீரலில் இன்னொரு குடியிருப்புக் கூட்டமும் உண்டு. பழைய சண்டைகளை ஞாபகம் வைத்துக்கொண்டு திசுவிலேயே தங்கிவிடும் டி செல்கள். இவை நம் பக்கம். கட்டிக்குள் இவை அடர்த்தியாக இருக்கும் நோயாளிகள் அதிக நாள் வாழ்கிறார்கள் என்று 2017இல் நேச்சர் இம்யூனாலஜி இதழில் ஒரு ஆய்வு வந்தது. எழுதியவர்களில் முதல் பெயர் அனுஷா ப்ரீத்தி கணேசன். அந்தக் குழுவை நடத்தியவர்களில் ஒருவர் பாண்டுரங்கன் விஜயானந்த். கணேசன், விஜயானந்த் என்று நம் வாய்க்குப் பழகின பெயர்களை அங்கே பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்தது. உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இப்போது சொல்லுங்கள். ஒரே நுரையீரலில் கட்டிக்குச் சோறு போடுகிற காவலரும் இருக்கிறார், கட்டியை அடிக்கிற காவலரும் இருக்கிறார், அடிக்கிறவரை அடக்குகிறவரும் இருக்கிறார். உன் டப்பா இவர்களில் யாருக்குச் சக்தி தரும் கண்ணா? பவுடர் என்ன, உள்ளே போய் அடையாள அட்டை கேட்குமா?

இப்போது புகை.

"சிகரெட் பிடிக்காதவங்களுக்கு எப்படி வரும்" என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் இது. 2023 ஏப்ரலில் லண்டன் கிரிக் ஆய்வு நிலையத்தின் சார்ல்ஸ் ஸ்வான்டன் குழு நேச்சரில் ஒரு ஆய்வை வெளியிட்டது. புற்றுநோய் இல்லாத நுரையீரல் திசு மாதிரிகள் 295 எடுத்துப் பார்த்தார்கள். 18 சதவீதத்தில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் புற்றுநோய்க்கு வழிவகுக்கும் மாற்றம் ஏற்கெனவே இருந்தது. 53 சதவீதத்தில் கே-ராஸ் மரபணு மாற்றம். நோய் இல்லை, மாற்றம் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது. வயதாக ஆக இப்படிச் சில செல்கள் எல்லாருக்கும் சேரும். தூங்குகிறதை எழுப்புவது எது? பி.எம். 2.5 என்கிற நுண்தூசி. அது உள்ளே போனதும் எலிகளின் நுரையீரலில் விழுங்கு செல்கள் குவிந்தன. இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சிச் செய்தி வெளியானது. தூங்கிய செல் அதைக் கேட்டு எழுந்தது. அந்தச் செய்தியை மருந்து கொடுத்து மறித்தபோது கட்டிகள் குறைந்தன.

கவனியுங்கள். எதிர்ப்புச் செல்கள் குறைந்து நோய் வரவில்லை. அவை குவிந்து, கத்தி, அதனால் வந்தது.

மனிதர்களிடமும் ஒரு தடயம் உண்டு. மாரடைப்பு வந்த 10,061 பேரிடம் இதே இன்டர்லூக்கின்-1 பீட்டாவைத் தடுக்கும் மருந்தைச் சோதித்தார்கள். சோதித்தது இதயத்துக்காக. 2017இல் முடிவு வந்தபோது, மருந்து அதிக அளவில் பெற்றவர்களுக்கு நுரையீரல் புற்று குறைவாக வந்திருந்தது. அடக்கியதால் குறைந்தது! உடனே அந்த மருந்தை வாங்க ஓடாதீர்கள். அதே ஆய்வில் கிருமித்தொற்றால் இறந்தவர்கள் கூடினார்கள். நோய் முற்றியவர்களிடம் பிறகு கொடுத்துப் பார்த்தபோது எதிர்பார்த்த பலனும் இல்லை. காப்பு என்பது தராசு. ஒரு தட்டை அமுக்கினால் இன்னொன்று எகிறும்.

இந்த நுண்தூசிக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன வருடச் சராசரி வரம்பு, ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். நம் நாட்டுச் சட்ட வரம்பு 40. எட்டு மடங்கு. வெளிக்காற்று மாசையே புற்றுநோய்க் காரணி என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2013இலேயே முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. புகையிலை இருக்கிற அதே வகுப்பு.

நம் ராஜா அண்ணாமலைபுரத்தில் என்ன, மரம் இருக்கிறது, கடல் பக்கம், அடையாறு பக்கம் என்று பெருமைப்படுகிறோம். போகி அன்று விடியற்காலை என் பால்கனியில் நின்று பாருங்கள். எதிர்த்த ஃபிளாட் தெரியாது. மாநகராட்சி பழைய பொருள்களை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்று ஒவ்வொரு வருஷமும் தலையால் அடித்துக்கொள்கிறது. நம் தெருமுனையில் இந்த வருஷமும் டயர் எரிந்தது. எரித்தவர்களில் என்னிடம் விலங்கியல் படித்தவர் ஒருவரும் இருந்தார். கையை ஆட்டி "ஹேப்பி போகி மிஸ்" என்றார். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பை மேடு எரிந்தது நினைவிருக்கிறதா? அதற்குப் பிறகு எத்தனை பேர் குப்பையைப் பிரித்துப் போட ஆரம்பித்தீர்கள்? கதவைச் சாத்திக்கொண்டு கொசுவர்த்தி கொளுத்துகிறீர்களே, ஒரு சுருள் எரிந்து முடிந்தால் வெளிவரும் நுண்தூசி 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003லேயே அளந்து எழுதியிருக்கிறார்கள். சிகரெட் தொடாத அம்மாக்கள் பக்கத்தில்தான் அந்தச் சுருள் இரவெல்லாம் எரிகிறது.

காலையில் டயர் எரித்துவிட்டு மாலையில் இம்யூனிட்டி பவுடர் கலக்கிக் குடிக்கிற ஊர் இது.

இப்போது அக்கா கதை. இதை எழுதத்தான் மூன்று நாள் யோசித்தேன்.

அக்கா சின்ன வயதில் மாயவரத்தில் அம்மாவோடு விறகடுப்பு ஊதினவள். பிறகு மந்தைவெளி, பிறகு இங்கே. எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை. முதலில் இருமல். எக்ஸ்ரேயில் ஒரு நிழல். டி.பி. என்று மாத்திரை. அந்த டாக்டரை நான் திட்ட மாட்டேன். நம் ஊரில் டி.பி. அதிகம், எக்ஸ்ரேயில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். ஆனால் சளியில் கிருமி தெரியவில்லை, இரண்டு மாதம் மருந்து சாப்பிட்டும் குறையவில்லை. அப்போதாவது யாராவது ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்க வேண்டும். வீட்டில் உயிரியல் படித்தவள் நான் ஒருத்தி. நான் என்ன செய்தேன் தெரியுமா?

டப்பா வாங்கிக் கொடுத்தேன்.

ஆமாம். "எதிர்ப்பு சக்தி குறைஞ்சிருக்கும் அக்கா, இதைச் சாப்பிடு" என்று என் கையால் பாலில் கலக்கிக் கொடுத்தேன். நான்கு மாதம். ருசி நன்றாக இருக்கிறது என்றாள். எடை மட்டும் குறைந்துகொண்டே போனது. கடைசியில் பயாப்ஸி செய்தபோது நோய் எலும்பு வரைக்கும் போயிருந்தது. பரிசோதனையில் அதே ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் வந்தது. அதற்கென்று இருக்கும் மாத்திரையால் இரண்டு வருஷத்துக்கு மேல் எங்களோடு இருந்தாள். கொலு வைத்தாள், பேத்தி கல்யாணம் பார்த்தாள். அந்த நான்கு மாதம் முன்னாலேயே கண்டுபிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் தூங்கவிடாமல் செய்கிறது.

கடைசி மாதங்களில் ஒரு நாள் கேட்டாள்: "ஏண்டி, நான் ஒழுங்கா சாப்பிடாம வேலை வேலைன்னு இருந்தேனே, அதனாலதான் சக்தி குறைஞ்சு இது வந்துதா?" எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் ரசம் சாதம் சாப்பிட்ட பொம்பளை, தன் நோய்க்குத் தானே காரணம் என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தாள். யார் அவளுக்கு அந்த எண்ணத்தைக் கொடுத்தது? பார்க்க வந்த நீங்கள். டப்பா கொடுத்த நான். "சக்தி கம்மி" என்ற அந்த இரண்டு வார்த்தை.

அதனால்தான் சொல்கிறேன், இனி என் காதுபடச் சொல்லாதீர்கள்.

உங்கள் கேள்விகள் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாக வருகிறேன்.

"அப்போ இம்யூனோதெரபின்னு ஒண்ணு இருக்கே மிஸ், அது சக்தியைக் கூட்டுறதுதானே?" இல்லை. டி செல்லில் பி.டி.-1 என்று ஒரு பூட்டு உண்டு. கட்டி அந்தப் பூட்டைப் போட்டுவிடுகிறது. மருந்து பூட்டைத் திறக்கிறது. இந்த வழியைக் காட்டியதற்கு ஜேம்ஸ் அலிசன், டசுகு ஹோஞ்சோ இருவருக்கும் 2018இல் நோபல். திறந்தவுடன் அந்தச் செல்கள் சில சமயம் தைராய்டை, குடலை, ஏன், நுரையீரலையே தாக்கும். அதனால்தான் டாக்டர் கண்காணிப்பில் கொடுக்கிறார்கள். அது எல்லாருக்கும் வேலை செய்யவும் செய்யாது. ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் உள்ள கட்டிக்குப் பெரும்பாலும் சரியாகக் கேட்காது, மாத்திரைதான் முதலில். இந்தியாவில் நுரையீரல் அடினோகார்சினோமா வருகிறவர்களில் ஏறக்குறைய கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு பேருக்கு இந்த மாற்றம் இருக்கிறது. ஆகவே நிலத்தை விற்பதற்கு முன்னால் மரபணுப் பரிசோதனை முடிவைக் கேளுங்கள்.

விலை குறைக்க வழி இல்லையா என்றால், அதற்கும் நம் நாட்டில்தான் யோசித்திருக்கிறார்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றியவர்களுக்கு நிவோலுமாப் மருந்தை வழக்கமான 240 மில்லிகிராமுக்குப் பதில் 20 மில்லிகிராம், மூன்று வாரத்துக்கு ஒரு முறை, மற்ற மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரு வருஷம் உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமாக உயர்ந்தார்கள். 2022இல் வெளிவந்தது. அது நுரையீரலுக்குச் செய்த ஆய்வு இல்லை, அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது. ஆனால் பாருங்கள்: வேண்டிய இடத்தில், வேண்டிய ஆளுக்கு, பன்னிரண்டில் ஒரு பங்கு மருந்து. அளவைக் கூட்டினதால் வந்த பலன் இல்லை அது.

"சித்த வைத்தியத்தைத் திட்டுறீங்களா மிஸ்?" இல்லை. என் வீட்டிலும் மிளகு ரசம் உண்டு, தூதுவளைத் துவையல் உண்டு. தொண்டைக்கு இதம், நாக்குக்கு ருசி. நான் திட்டுவது, படித்த வைத்தியர் பார்க்காமல், அளவு தெரியாமல், கேன்சருக்கு என்று டப்பாவில் அடைத்து விற்பதை. மூலிகை என்றால் தீங்கே செய்யாது என்பதும் உண்மை இல்லை. கோவிட் சமயத்தில் சீந்தில் கொடிக் கஷாயத்தை மாதக்கணக்கில் குடித்த ஆறு பேருக்குக் கல்லீரல் பாதித்தது என்று 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. பிறகு 13 மருத்துவ மையங்கள் சேர்ந்து 43 பேரைப் பற்றி எழுதின. கல்லீரல்தான் புற்றுநோய் மாத்திரைகள் பலவற்றையும் பக்குவப்படுத்தி வெளியேற்றுகிறது. அதன்மேல் இன்னொரு பாரத்தை ஏற்றினால் யாருக்கு நஷ்டம்?

"நல்ல எண்ணத்துலதானே மிஸ் சொல்றோம்?" நானும் நல்ல எண்ணத்தில்தான் பாலில் கலக்கினேன்.

என் வீட்டிலிருந்து திரு.வி.க. பாலத்தைத் தாண்டினால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தில் போராடிக் கட்டினது. 1954இல் 12 படுக்கையோடு ஆரம்பித்தது. டாக்டர் சாந்தா 2021 ஜனவரியில் மறையும் வரை அங்கேயே வாழ்ந்தார். சொந்தத் துக்கத்திலிருந்து ஒருவர் ஒரு மருத்துவமனையே கட்டினார். என்னால் ஒரு முகநூல் பதிவுதான் முடியும். அதையாவது ஒழுங்காக எழுதிவிட வேண்டும் என்று பார்த்தேன்.

வீட்டுப்பாடம்:

1. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் டாக்டர். சளியில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவு என்றால் அன்றைக்கே. டி.பி. மருந்து சாப்பிட்டும் குறையவில்லை என்றால் "ஸ்கேன், பயாப்ஸி வேண்டுமா" என்று நீங்களே வாய் திறந்து கேளுங்கள். ஊசி குத்தினால் பரவிவிடும் என்று பயந்து பயாப்ஸியைத் தள்ளிப்போடாதீர்கள்.

2. நோய் உறுதியானால், சிகிச்சை ஆரம்பிக்கும் முன் மரபணுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

3. என்ன கஷாயம், என்ன பவுடர் சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

4. டயர், பிளாஸ்டிக், குப்பை எரிக்காதீர்கள். கொசுவுக்கு வலை கட்டுங்கள். புகைபிடிக்கிறவர்கள் நிறுத்துங்கள், உங்களுக்கு இனிமேல் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தூசியைக் குறைப்பதுதான் அந்தப் பாட்டிக்கு நாம் செய்யக்கூடிய உதவி. அதற்கு டப்பா வேண்டாம்.

5. நோயாளியைப் பார்க்கப் போனால் "எப்படி வந்துது" என்று விசாரிக்காதீர்கள். "சாப்பிட்டியா, நான் ரெண்டு நாள் வந்து இருக்கட்டுமா" என்று கேளுங்கள்.

அந்தப் பவுடர் கண்ணாவுக்கு: கோபம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, காபி தருகிறேன். டப்பாவைக் கொண்டு வராதே.

அன்புடன்,
உங்கள் பழைய விலங்கியல் மிஸ்,
ராஜா அண்ணாமலைபுரம்.

(பகிரலாம். "சூப்பர் மிஸ்" என்று மட்டும் எழுதாதீர்கள், முழுக்கப் படித்தீர்களா என்று கேள்வி கேட்பேன்.)